மண்ணெண்ணெய் குடித்த டிராக்டர்

தொத்தோ டிராக்டரின் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினின் விலாவில் விழுந்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, அந்த விரலை மூக்கடியில் கொண்டுபோனான். மோந்து பார்க்கிற பழக்கம் இல்லாத ஒருவனைக் கூப்பிட்டிருக்கலாம் என்று அகஸ்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் பலெர்மோவிலிருந்து பகேரியா வரைக்கும் இந்த வகைப் பழைய தோட்ட டிராக்டரின் குடலைத் தெரிந்தவன் தொத்தோ ஒருவன்தான்.

“மண்ணெண்ணெய்,” என்றான் தொத்தோ, இத்தாலியனில். “ஆர் ஊத்தினது, அகொஸ்தீனோ?”

அகஸ்ரின் கொட்டகையின் வாசலைப் பார்த்தான். மொண்டெல்லோவில் அவன் தோட்டவேலை செய்கிற சின்யோராவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை அது. வெளியே எலுமிச்சை மரங்களுக்குக் கீழே பாதி வெட்டிய புல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதி வெட்டப்படாமல் நின்றது.

“பெற்றோலோடை கலந்துதான் விட்டனான்,” என்றான். “கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்!” தொத்தோ எண்ணெய்க் கோலை இழுத்துக் காட்டினான். அதில் ஒட்டியிருந்தது எஞ்சின் ஒயில் மாதிரியே இல்லை, தண்ணீராய் வழிந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைக் கரைத்திருக்கிறது. ஒயில் இல்லாமல் ஓடிய எஞ்சின் சூடேறி, உள்ளே தண்டு முறிந்து, முறிந்த தண்டு விலாவை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இதை அகஸ்ரினுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அது முறிந்தபோது அவன்தான் மேலே இருந்தான்.

இனி, ஒரு தோட்டக்காரன் ஏன் மண்ணெண்ணெயை டிராக்டருக்கு ஊற்றினான் என்று கேட்டால், கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அது அதைவிட மோசமான வியாதி. சின்யோரா மாரிகாலத்தில் குளிருக்கு மண்ணெண்ணெய்க் கணப்பு மூட்டுவாள். போன வருசம் சுவரில் மாட்டுகிற புது மெசின் வந்ததும், கணப்பையும் ஸ்டோரில் வரிசையாய் நின்ற மண்ணெண்ணெய்க் கான்களையும் குப்பை எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றாள். உலகத்தில் வேறெந்தத் தோட்டக்காரனும் கொடுத்திருப்பான். அகஸ்ரின் ஒரு கானைத் தூக்கினான், மூடியைத் திறந்தான், அந்த மணம் வந்தது. அதோடு அவன் கை அதை விடமாட்டேன் என்றது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் குருநகரில் மீசை முளைத்தவன் அவன். அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக அண்ணன் தம்பி முகம் முறித்துக்கொண்டார்கள். விளக்கு அதில் எரிந்தது, தண்ணீர்ப் பம்பு அதில் இறைத்தது, மோட்டார் சைக்கிளும் அதில்தான் ஓடியது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஹாண்டிலில் தொங்கவைத்து, அந்தச் சொட்டில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. அந்த வித்தையில் கைதேர்ந்தவர் றோபேட் அண்ணை. கடற்கரை வீதியில் அவருடைய கராஜில்தான் அகஸ்ரின் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் சோற்றைக்கூடக் கொட்டுவார்கள், மண்ணெண்ணெயைக் கொட்டமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், றோபேட் அண்ணை பலெர்மோவுக்கு வந்த பிறகு மண்ணெண்ணெயைக் கண்ணிலும் காட்டவிடவில்லை. “அது எஞ்சினுக்கு நஞ்சடா. வேறை வழி இல்லாமல் விட்ட நஞ்சு,” என்பார். அகஸ்ரின் தலையாட்டுவான். அவர் இருந்தவரைக்கும் தலையாட்டினான்.

டிராக்டர் இருவருக்கும் பாதிப் பாதி. பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, றோபேட் அண்ணை உயிர்கொடுத்தார். அதை வைத்துத்தான் இருவரும் மொண்டெல்லோவின் தோட்டங்களைப் பிடித்தார்கள். பிறகு அண்ணையின் மனிசி மொனிகா அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்து, வெட்டி எடுத்த நாளில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அண்ணை மடு மாதாவுக்கு நேர்ந்தார். மனிசி எழும்பி நடந்தால், வருசா வருசம் ஆவணித் திருநாளில் என் வண்டி உன் தேரை இழுக்கும் என்று. அக்கா எழும்பி நடந்தாள். அதிலிருந்து பலெர்மோத் தமிழ்ச் சனத்தின் மாதா திருநாளில், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருக்களில், பூ மாலை போட்ட அந்தக் குட்டி டிராக்டர்தான் முன்னே போகும். போன வருசத்துக்கு முந்தின வருசம் நெஞ்சுச் சளி அண்ணையைக் கொண்டுபோயிற்று. கடைசி நாட்களில் அவர் அக்காவிடம் சொன்னது, வண்டி நிற்கப்படாது என்பதுதான். அவருடைய பாதி இப்போது அக்காவுடையது.

“புது எஞ்சின் போடலாம்,” தொத்தோ சொன்னான். “பொருந்துற மாதிரி இப்பவும் செய்யிறாங்கள். ஆனால் போடாதை.”

“ஏன்?”

தொத்தோ பின்சக்கரங்களுக்கு நடுவில் இருந்த கியர் பெட்டியின் அடி நட்டைக் கழற்றினான். ஒயில் ஒரு தட்டில் இறங்கியது. தட்டை வெயிலுக்கு நேரே பிடித்தான். ஒயில் முழுக்க இரும்புத் தூள் மினுங்கியது.

“பல்லுகள் தேய்ஞ்சு போச்சு. இதுக்குப் பாகம் எங்கயும் இல்லை, நான் தேடாத இடமில்லை. புது எஞ்சினைப் போட்டால் அதின்ரை பலத்துக்கே இது கெதியிலை உடையும். இப்ப பிரிச்சால் எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. முன்னச்சு, புல்லு வெட்டுற தட்டு, சில்லுகள், ஸ்ரியறிங், சீற். நான் எடுக்கிறன். விதவைக்குப் பாதியைக் குடு, நீ பாதியை வைச்சு வேறை ஒண்டு பார்.”

நியாயமான பேச்சு. அகஸ்ரினுக்கும் அது தெரிந்தது. புறப்படும்போது தொத்தோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டான். மண்ணெண்ணெய்க் கதை மொனிகா அக்காவுக்குத் தெரியவேண்டாம். தொத்தோ தோளைக் குலுக்கினான். “நானாய்ச் சொல்லமாட்டன். அவள் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன். றொபேர்த்தோ என்ரை கூட்டாளி.”

வீட்டில் மனிசி செலஸ்ரீனா அவன் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “இஞ்சாருங்கோ, இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ. மண்ணெண்ணெய் விட்டனான், பிழைதான் எண்டு. அவ உங்களைப் பிடிச்சுத் தின்னமாட்டா,” என்றாள்.

“சொல்லத்தான் போறன்.”

“போய்ப் படியிலை நிண்டு யோசிக்காமல் சொல்லுங்கோ.”

மனிசிமார் சொல்வது சரியாக இருக்கும்போது ஆம்பிளைக்கு வருகிற எரிச்சல் அவனுக்கும் வந்தது. போட்டிருந்த சேட்டைக்கூட மாற்றாமல் புறப்பட்டுப் போனான்.

மொனிகா அக்காவின் வீடு பல்லாரோச் சந்தைக்கு மேலே, செங்குத்தான படிகளின் உச்சியில். அக்கா பிளேன் ரீ ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் அண்ணையின் படம், அதற்குக் கீழே மின்சார மெழுகுதிரி. அக்காவின் கழுத்தில் புறா பொறித்த தாலியும் கொடியும். அண்ணையைப் பெட்டியில் வைத்த அன்று, கழற்றி அவர் கையில் வையுங்கோ என்று பெண்டுகள் எல்லாரும் சொல்ல, “மாட்டன்” என்று ஒரே சொல்லில் அடித்து விட்டவள். அதற்குப் பிறகு எத்தனையோ கதை கதைத்தார்கள். அக்கா அசையவில்லை.

“எஞ்சின் முறிஞ்சு போட்டுதக்கா,” என்றான் அகஸ்ரின்.

“திருத்தேலாதோ?”

“விலாவிலை ஓட்டை விழுந்திட்டுது. ஏலாது.”

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் சேட்டைப் பார்த்தாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, “அதுக்கும் வயசு போட்டுதாக்கும்,” என்றாள் மெதுவாக. “அப்பிடியோ தம்பி?”

சொல்லுவதற்கு அதைவிட நல்ல இடம் கடவுள் வந்து அமைத்துக் கொடுத்தாலும் கிடைக்காது. அகஸ்ரின் ரீயை ஒரு மிடறு குடித்தான்.

“ஓமக்கா. வயசுதான்.”

அவன் அவசர அவசரமாகத் தொத்தோ சொன்னதைச் சொன்னான். பிரித்து விற்றுவிடலாம், எல்லாப் பாகத்துக்கும் ஆள் இருக்கிறது என்று.

“பிரிச்சோ?” அக்காவின் குரல் உயர்ந்தது. “சில்லு ஒருத்தனுக்கு, சீற் ஒருத்தனுக்கோ? அந்த மனிசன் எனக்காக நேந்த வண்டி தம்பி. ஆவணி பதினைஞ்சுக்கு மாதாவை ஆர் இழுக்கிறது?”

“ஆரும் தோளிலை தூக்கலாம்தானே அக்கா…”

“புது எஞ்சின் போட்டால் ஓடாதோ?”

“ஓடும். ஆனால் கியர் பெட்டியும் தேஞ்சு போச்சு எண்டு தொத்தோ சொல்லுறான்.”

“அப்ப நான் ஒருக்கால் தொத்தோவோடை கதைக்கிறன். ட்ரெயினிலை போய் வாறன். அவரின்ரை கூட்டாளி, எனக்குப் பொய் சொல்லமாட்டான்.”

அவள் தொத்தோவிடம் போனால், எஞ்சின் ஏன் முறிந்தது என்று கேட்பாள். கேட்டால் அவன் சொல்வான். மண்ணெண்ணெய் வெளியே வரும். அண்ணை நஞ்சு என்று சொன்னதை அண்ணையின் வண்டிக்கே ஊற்றிக் கொன்றவன் என்று, இந்தப் படத்துக்கு முன்னால் அவன் நிற்கவேண்டி வரும்.

“வேண்டாமக்கா,” என்றான். “அவன் பிரிச்சு விக்கிறவன், அவனுக்கு லாபம் இருக்கு. அப்பிடித்தான் கதைப்பான். கியர் பெட்டி நல்லாத்தான் கிடக்கு. நான் பாத்தனான்.”

“நீ பாத்தனியோ?”

“ஓமக்கா.”

“உன்ரை சொல் போதும் எனக்கு.”

ஒரு மனிதன் குழியில் விழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். அகஸ்ரின் இன்னும் தோண்டினான். எந்த எஞ்சின் பொருந்தும் என்று அக்கா கேட்டாள். அவன், தனக்கு மிகவும் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்ட உற்சாகத்தில், எத்தனை குதிரை, தண்டின் தடிப்பு, ஆணித் துளைகளின் இடைவெளி, பெல்ட் ஓடுகிற புல்லி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். வெறும் கதைதானே என்று நினைத்தான். ஏழைப்பட்ட விதவை, எங்கே போய் வாங்கப்போகிறாள். அக்கா போனை அவன் வாய்க்கு நேரே பிடித்துப் பதிந்து, ஜெர்மனியில் இருக்கும் மகள் நிரோசினிக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவன் அக்காவின் பக்கம் போகவில்லை. வேலை, வேலை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். டிராக்டர் இல்லாமல், தோளில் மாட்டும் மெசினால் தோட்டம் தோட்டமாகப் புல் வெட்டினான். மதிலுக்கு அப்பால் மொண்டெல்லோக் கடற்கரையில் சனம் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தது. அவன் முதுகு பற்றி எரிந்தது. இரண்டு வீட்டுக்காரர் வேறு ஆள் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசைக்குப் போனால் அக்காவைக் காணவேண்டி வரும் என்று, பிந்திப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்று, முந்தி வெளியே வந்தான். செலஸ்ரீனா கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு நாள் போன் அடித்தது. “தம்பி, எஞ்சின் வந்திட்டுது. பெரிய பெட்டி. படியாலை ஏத்தேலாமல் கீழை கடையிலை வைச்சிருக்கு. எப்ப பூட்டுறாய்?”

அவன் ஓடினான். அக்கா கதவைத் திறந்தாள். சிரித்தபடி நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கொடி கிடந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு கோடு ஓடியது.

“அக்கா… கழுத்து…”

“கொம்ப்ரோ ஓரோவிலை குடுத்திட்டன்.” சந்தை மூலையில் இருக்கும் தங்கம் வாங்குகிற கடையைத்தான் சொன்னாள். “நீ வந்து சொல்லிப்போட்டுப் போன மற்ற நாளே குடுத்தனான். என்ன பாக்கிறாய்? அவர் எனக்குக் கட்டினது. அவரின்ரை வண்டிக்குத்தானே போகுது. அவர் கோவிக்கமாட்டார்.”

கீழே இறங்கியவன் நேரே அந்தக் கடைக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண்ணிடம், புறா இருக்கும், மஞ்சள் கொடி, திருப்பி எடுக்கலாமா என்று கேட்டான். அவள் கணினியைத் தட்டிப் பார்த்து, அது எப்போதோ உருக்கப் போய்விட்டது என்றாள். இரக்கமாகத்தான் சொன்னாள். அவன் வெளியே வந்து, மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவில் நின்று அழுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிச் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. சொல்லாமல் விட்ட ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சொன்னால் அவளுக்கு உள்ளதும் போகும், அந்தச் சிரிப்பும் போகும். ஆவணித் திருநாள் ஒரு நாள்தானே. தேர் பாரம் இல்லை, தெரு பெரும்பாலும் சமதரை, நடக்கிற வேகம். அந்த ஒரு நாளைக்குக் கியர் பெட்டி தாக்குப்பிடித்தால் போதும். பிறகு தானே உடைந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி அவன் தன்னைச் சமாளித்தான்.

கொட்டகையில் பூட்டினான். பொய் சொன்னவன் என்றாலும் வேலைக்காரன். துளைகள் பொருந்தின, புல்லி நேர்கோட்டில் வந்தது, பழைய வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் புது எஞ்சினோடு சேர்த்தான். கியர் பெட்டியைக் கழுவித் தடித்த ஒயில் விட்டான். கழுவிய எண்ணெயில் மினுக்கம் முன்னையதைவிடக் கூடியிருந்தது. அதைப் பார்க்காதவன் போலப் பழைய கானில் ஊற்றி மூடினான். அது சின்யோராவின் மண்ணெண்ணெய்க் கான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா பஸ்ஸில் வந்து, எலுமிச்சை மரத்தடியில் நின்று பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அதே சத்தம்,” என்றாள்.

அதே சத்தம் இல்லை. பழைய எஞ்சின் இருமி இருமி ஓடியது. இது வழவழவென்று இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் கியர் பெட்டி மெல்லியதாய் ஊளையிட்டதை அகஸ்ரின் மட்டும் கேட்டான்.

“ஓமக்கா,” என்றான். “அதேதான்.”

ஆவணி, அதாவது ஓகஸ்ட், பதினைந்து. இத்தாலியர்கள் எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். அல்பெர்கேரியாவின் கடைகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் சேலையும் வேட்டியும் மல்லிகையுமாகத் தமிழ்ச் சனம். மொரீசியஸ்காரர் சிலர்கூட மெழுகுதிரியோடு வந்திருந்தார்கள். டிராக்டரை லாப்பா என்கிற மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, பின்னால் தேரைக் கொளுவினார்கள். மாதாவுக்கு நீலப் பட்டு. சாமியார் தண்ணீர் தெளித்தார். அகஸ்ரின் சீற்றில் ஏறினான். பக்கத்தில் வழக்கம்போல லூர்துவும் றஞ்சித்தும் தேரின் ஆட்டத்தைப் பார்க்க நடந்தார்கள். இருவரும் அண்ணையின் பழைய கூட்டாளிகள். பின்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர்களின் முன்வரிசையில், வெறுங்கழுத்தோடு, மொனிகா அக்கா.

கோயில் வாசலிலிருந்து முதல் திருப்பம் வரைக்கும் ஊளை மட்டும்தான். இரண்டாவது தெருவில் ஊளை கரகரப்பாயிற்று. அகஸ்ரின் மாதாவிடம் மன்றாடவில்லை. அந்தத் தகுதி தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவன் கியர் பெட்டியிடமே மன்றாடினான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

பழைய மடத்துச் சுவரோரம் தெரு சற்று ஏறுகிறது. அங்கே காலுக்கடியில் டக்கென்று ஒன்று முறிந்தது. பிறகு பல் பல்லாய் நொறுங்குகிற சத்தம். டிராக்டர் நின்றது. மெல்லப் பின்னுக்கு வரப் பார்த்தது. அவன் பிரேக்கை மிதித்தான்.

“என்னடா?” என்றான் லூர்து.

“கியர் உடைஞ்சு போட்டுது. தள்ளுங்கோடா. பாக்கிறவைக்குத் தெரியாமல் தள்ளுங்கோ.”

லூர்துவும் றஞ்சித்தும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பின்சக்கர மூடியில் தோளைக் கொடுத்தார்கள். இன்னும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அகஸ்ரின் பிரேக்கை விட்டு, எஞ்சினை முறுக்கினான். எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி முழங்கியது. சக்கரத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தாலி விற்று வாங்கிய எஞ்சின் சும்மா கத்திக்கொண்டிருக்க, மனிதர்கள் தள்ள, மாதா ஏற்றத்தில் ஏறினாள். பின்னால் செபமாலை தொடர்ந்தது. இந்த முழக்கம் இருக்கும்வரைக்கும் அக்காவுக்குத் தெரியாது என்று அவன் நினைத்தான். இன்னும் முறுக்கினான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

பக்கத்தில் சேலை ஒன்று தெரிந்தது. மொனிகா அக்கா அவனோடு ஒட்டி நடந்து வந்துகொண்டிருந்தாள். தள்ளுகிறவர்களின் புடைத்த கழுத்துகளைப் பார்த்தாள். சீற்றுக்குக் கீழே ஒழுகுகிற ஒயிலைப் பார்த்தாள்.

“நிப்பாட்டு,” என்றாள்.

அவன் சாவியைத் திருப்பினான். சட்டென்று வந்த அமைதியில், ஆட்கள் மூச்சு வாங்குவதும், சக்கரம் கல்லில் உருள்வதும் பெரிதாகக் கேட்டன.

“கியர் பெட்டியோ?”

“ஓமக்கா.”

“முதலே தெரியுமோ உனக்கு?”

“ஓமக்கா.”

“எப்ப?”

“நீங்கள்… நீங்கள் கொடியைக் கழட்ட முந்தி.” இனி எதையும் வைத்திருக்க அவனால் முடியவில்லை. “எஞ்சினையும் நான்தான் அக்கா சாகடிச்சனான். வயசில்லை. மண்ணெண்ணெய் விட்டனான். நீங்கள் தொத்தோட்டைப் போனால் அது தெரிஞ்சிடும் எண்டுதான், கியர் பெட்டி நல்லாக் கிடக்கு எண்டனான்.”

அக்கா நடந்துகொண்டே இருந்தாள்.

“மண்ணெண்ணெய் எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றாள். “கராஜிலையிருந்து வாற அவரின்ரை உடுப்பை எத்தனை வரியம் தோய்ச்சனான். நீ படியேறி வரேக்கையே சேட்டிலை மணந்தது. வயசோ எண்டு நான் உன்னட்டைக் கேட்டதே, இல்லையக்கா எண்டு நீ சொல்லுவாய் எண்டுதான். சொல்லேல்லை. சரி, பயப்பிடுறான், பெடியன், நாளைக்கு வந்து சொல்லுவான் எண்டு விட்டிட்டன்.” அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது. “மண்ணெண்ணெயை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் தம்பி. இது எனக்குத் தெரியாது.”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்க நிற்கவில்லை. பின்னுக்குப் போனாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வயிற்றில் வெட்டின மனிசி, நீங்கள் விலகுங்கோ அக்கா என்று லூர்து சொன்னதையும் கேட்கவில்லை. றஞ்சித்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, இரண்டு கையையும் சீற்றின் முதுகில் வைத்தாள்.

அகஸ்ரின் இறங்கப் பார்த்தான். இறங்க முடியாது. தெரு ஒடுக்கம், இரண்டு பக்கமும் சுவர். ஸ்ரியறிங்கை விட்டால் தேர் மோதும். யாராவது இருந்து பிடிக்கத்தான் வேண்டும். அக்காவின் கைகளின் அழுத்தம் சீற்றைத் தாண்டி அவன் முதுகில் தெரிந்தது. அவள் மூச்சு வாங்குவது காதருகில் கேட்டது. பெண்கள் செபமாலையின் அடுத்த மணியைத் தொடங்கினார்கள், அக்காவும் தள்ளிக்கொண்டே அவர்களோடு சேர்ந்து சொன்னாள். கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. அகஸ்ரின் திரும்பிப் பார்க்காமல், ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.